ஏழாம் அத்தியாயம்: குதிரையின் இரட்டைத் தாக்கு

குதிரைப் புதிர் ஒன்றைப் பலகையில் அடுக்கிவைத்த மாத்திரத்தில் குதிரையின்மேல் கையை வைக்காதிருப்பதே இந்த அத்தியாயத்தில் நான் கற்பிக்க விரும்பும் முதற் பழக்கம். இது விபரீதமான போதனையாகத் தோன்றலாம். வெல்லப் போவது குதிரை என்று தெரிந்த பிறகு அதை விட்டுவிட்டு வேறெதைப் பார்ப்பது என்று பிள்ளைகள் கேட்கத்தான் செய்கிறார்கள். குதிரை இப்போது நிற்கும் இடத்தைவிட, அது போய் நிற்க வேண்டிய கட்டத்தையும், அங்கிருந்து அடிபடப் போகிற இரண்டு காய்களையும், அவ்விரண்டும் உரிய இடத்தில் இல்லையாயின் அவற்றை அங்கே வரவழைக்கும் உபாயத்தையும் முதலில் பார்க்க வேண்டும் என்பதே அதற்கு விடை. புதிர் தீர்ப்பவன் முடிவில் தொடங்கி ஆரம்பத்தை நோக்கி நடக்கிறான். ஆட்டம் ஆடுபவனும், சற்றே மங்கலாக, அதையேதான் செய்கிறான்.

பட்டர்வொர்த்துக்கு வடக்கே, செபராங் பிறையின் நெல்வயல்களை ஒட்டிய இந்தக் கெப்பாலா பத்தாஸில் சதுரங்கம் கற்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு, வேறெங்கும் இல்லாத ஒரு சங்கடம் உண்டு. பள்ளிப் போட்டிகளில் மலாய் மொழியில் ஆட்டம் பயில்கிற பையன், மூலைவிட்டமாகச் செல்லும் பிஷப்பை 'காஜா', அதாவது யானை, என்று அழைக்கிறான். வீட்டில் தமிழ்நாட்டு வழக்கத்தில் வளர்ந்த தாத்தாவோ, மூலையில் நின்று நேர்க்கோட்டில் செல்லும் காயைத்தான் யானை என்கிறார். "யானையை நகர்த்துப்பா" என்று தாத்தா சொல்ல, பேரன் பிஷப்பை நகர்த்தி ஆட்டத்தைக் கெடுத்துக்கொள்வது நடக்கக்கூடிய காரியமே. ஆதலால் இந்த நூலில் யானை என்ற பெயரையே தவிர்த்து, மூலையில் நிற்பதைக் கோட்டை என்றும், மூலைவிட்டமாகச் செல்வதைப் பிஷப் என்றும் குறிக்கிறேன். நல்லவேளையாகக் குதிரையின் பெயரில் தகராறு இல்லை. 'கூடா' என்றாலும் குதிரை என்றாலும் எல்லோர் கையும் ஒரே காயின்மீதுதான் போகிறது. ஒரே சமயத்தில் இரண்டு காய்களைத் தாக்குவதை ஆட்டக்காரர்கள் ஃபோர்க் என்கிறார்கள். நானும் இடையிடையே அப்படியே எழுதுவேன்.

கட்டங்களைக் குறிக்கும் முறையை முன் அத்தியாயத்தில் சொல்லியாகிவிட்டது. வெள்ளை ஆடுபவரின் இடது ஓரத்திலிருந்து ஏ, பி, சி, டி, ஈ, எஃப், ஜி, எச் என்று எட்டு நெடுவரிசைகள். அவருக்கு அருகிலிருந்து எதிராளியை நோக்கி 1 முதல் 8 வரை கிடைவரிசைகள். பலகையை வைக்கும்போது வெள்ளையின் வலக்கை மூலையாகிய எச்1 வெளிர்நிறமாக இருக்க வேண்டும். வீடுகளில் பலகை பக்கவாட்டில் திரும்பிக் கிடப்பது சர்வசாதாரணம். இந்த அத்தியாயத்துக்கு அது பெருந்தோஷம், ஏனெனில் இனி வரும் விசாரணை முழுவதும் கட்டத்தின் நிறத்தையே ஆதாரமாகக் கொண்டது.

குதிரை ஒவ்வொரு தாவலிலும் நிறம் மாறுகிறது. கருநிறக் கட்டத்தில் நிற்கும் குதிரை வெளிர்நிறக் கட்டங்களை மட்டுமே தாக்கும். வெளிர்நிறத்தில் நின்றால் கருநிறத்தை மட்டுமே தாக்கும். யாவரும் அறிந்த விஷயந்தான் இது. ஆயினும் இதிலிருந்து பிறக்கும் அனுமானத்தைப் பலர் உபயோகிப்பதில்லை: எதிரியின் ராஜாவும் ராணியும் வெவ்வேறு நிறக் கட்டங்களில் நிற்கும்வரை எந்தக் குதிரையாலும் அவ்விரண்டையும் ஒருசேரத் தாக்க முடியாது. புதிரைக் கண்டதும் அவற்றின் நிறத்தைப் பாருங்கள். ஒரே நிறமானால் ஃபோர்க்குக்குரிய கட்டத்தைத் தேடலாம்; வெவ்வேறு நிறமானால் அவற்றுள் ஒன்றை நிறம் மாறச் செய்யும் நிர்ப்பந்தமான நகர்த்தல் எது என்று தேட வேண்டும். ஒரு விதிவிலக்கையும் மனத்தில் வைத்துக்கொள்ளலாம். இரண்டு காய்கள் ஒரே மூலைவிட்டத்தில், நடுவே ஒரு கட்டம் மட்டும் விட்டு நின்றால், நிறம் ஒன்றாயிருந்தும் குதிரைக்கு அங்கே வேலையில்லை. இரண்டையும் எட்டும் கட்டம் பலகையில் எங்குமே கிடையாது. தற்காத்து ஆடுபவனுக்கு இது நல்ல அடைக்கலம்.

இனி ஒரு நிலையை அடுக்குவோம். வெள்ளைக்கு: ராஜா ஜி1, கோட்டை சி1, குதிரை டி5, சிப்பாய்கள் ஏ2, பி2, எஃப்2, ஜி2, எச்2. கறுப்புக்கு: ராஜா ஜி8, ராணி டி7, சிப்பாய்கள் ஏ7, பி6, எஃப்7, ஜி7, எச்7. ஆட வேண்டியது வெள்ளை. கறுப்பின் ராணி டி5 குதிரையைக் குறிவைத்திருப்பதைக் கவனியுங்கள். அவகாசம் இல்லை என்பதே அதன் பொருள்.

இந்த நிலையை வைத்தவுடன் பெரும்பாலான பிள்ளைகள், "சார், எஃப்6-ல ஃபோர்க் இருக்கு!" என்று கூவிவிடுகிறார்கள். இருக்கிறது, மெய்தான். ஜி8 ராஜாவும் டி7 ராணியும் வெளிர்நிறக் கட்டங்களில் நிற்கின்றன. கருநிறமான எஃப்6 இரண்டையும் தாக்குகிறது. டி5-இலிருந்து ஒரே தாவலில் அங்கே போகவும் முடிகிறது. ஆனால் ஜி7 சிப்பாய் அந்தக் குதிரையை வெட்டிவிடும். பிறகு வெள்ளையிடம் மிஞ்சுவது, முழு ராணிக்கு எதிரே ஒற்றைக் கோட்டை. புதிர் செய்பவன் இப்படியொரு போலி விடையை வாசலிலேயே வைத்திருப்பது வஞ்சகத்தினால் அன்று. ஆட்டத்திலும் முதலில் கண்ணில் படும் ஃபோர்க் பெரும்பாலும் காவலுள்ள ஃபோர்க்காகத்தான் இருக்கும். மற்றொரு சாரார் ஈ7-இல் குதிரையை வைத்துச் செக் சொல்கிறார்கள். அங்கே ராணியே வந்து வெட்டிப் போகிறாள்.

இப்போது பின்னோக்கி நடந்து பார்ப்போம். ஜி8-இல் நிற்கும் ராஜாவைக் குதிரை தாக்கக்கூடிய கட்டங்கள் மூன்றே: ஈ7, எஃப்6, எச்6. கோட்டை கட்டிய ராஜா இந்த ஜி8-இலேயே பெரும்பாலும் குடியிருப்பதால், இம்மூன்றையும் நெட்டுருப் பண்ணிவைத்துக்கொள்வது வீணாகாது. நம் குதிரை ஒரே தாவலில் எட்டக்கூடியவை ஈ7, எஃப்6 ஆகிய இரண்டுமே. எச்6 இன்றைக்கு எட்டாது. எஃப்6-ஐ ஜி7 சிப்பாய் காக்கிறது. அந்தச் சிப்பாயை விலக்க வெள்ளையிடம் ஆள் இல்லை. ஈ7-ஐக் காப்பது ராணி ஒருத்திதான். ஆகவே விசாரணை ஒரே கேள்வியில் வந்து நிற்கிறது: ராணி ஈ7-ஐக் காக்க முடியாததும், ஈ7-இலிருந்து குதிரை எட்டக்கூடியதுமான ஒரு கட்டத்துக்கு அவளை வலிய இழுத்துவர முடியுமா? ஈ7-இலிருந்து குதிரை தாக்கும் கட்டங்களை விரலால் எண்ணுங்கள்: ஜி8, ஜி6, எஃப்5, டி5, சி6, சி8. இவற்றுள் சி8-ஐ நமது கோட்டை இப்போதே எட்டிப் பிடிக்கிறது. அங்கே அது போனால் செக்கும் ஆகிறது.

கோட்டை சி8, செக். இங்கே அவசரப்படாமல் எதிரியின் பதில்களை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். நெல்வயலில் மீன் பிடிக்க இறங்குகிறவன் தண்ணீர் வெளியேறும் மடைகளையெல்லாம் அடைத்த பிறகே சேற்றில் கையை விடுகிறான். நாமும் ராஜா தப்பும் வாய்களை முதலில் அடைக்க வேண்டும். எஃப்8-உம் எச்8-உம் கோட்டையின் வரிசையிலேயே உள்ளன. எஃப்7, ஜி7, எச்7 கட்டங்களில் அவனுடைய சொந்தச் சிப்பாய்களே வழியை அடைத்து நிற்கின்றன. ராணி டி8-இலோ ஈ8-இலோ குறுக்கே விழுந்தால் கோட்டை அவளை வெட்டும், அது செக்மேட். எஞ்சியது ஒன்றே: ராணி சி8-இல் கோட்டையை வெட்டுவது. வெட்டியதும் குதிரை ஈ7-க்குத் தாவுகிறது. ஒரு பக்கம் ஜி8 ராஜாவுக்குச் செக், மறுபக்கம் சி8 ராணிக்கு ஆபத்து. ராஜா எஃப்8-க்கு வந்து குதிரையை மிரட்டலாம். பிரயோஜனமில்லை, குதிரை சி8-இல் ராணியை வெட்டிவிட்டது. இதனோடும் கதை முடியவில்லை. சி8-இல் நிற்கும் குதிரை ஏ7, பி6 ஆகிய இரு சிப்பாய்களையும் தாக்கிக்கொண்டிருக்கிறது. ஏ7-ஐக் காப்பார் இல்லை, அதை முன்னே தள்ளினால் பி6 அநாதையாகிறது. குதிரையொன்று உபரியாக உள்ள வெள்ளை இன்னொரு சிப்பாயையும் வாங்கிக்கொண்டு நிதானமாக வெல்லலாம்.

விடையைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதும்போது, "கோட்டை சி8" என்று மட்டும் எழுதிக் கோடு போடும் பிள்ளைகளுக்கு நான் பாதி மதிப்பெண்தான் தருவது வழக்கம். எஃப்6 ஏன் கூடாது என்பதையும், ராணி வெட்டாமல் குறுக்கே நின்றால் என்ன நேரும் என்பதையும் எழுதியவனே புதிரைத் தீர்த்தவன். மற்றவன் ஊகித்தவன்.

ராஜாவும் ராணியும் வெவ்வேறு நிறத்தில் நிற்கையில் செய்ய வேண்டியதற்கு, உலக சாம்பியன் பட்ட ஆட்டம் ஒன்றிலேயே மகத்தான உதாரணம் இருக்கிறது. 1966-ஆம் ஆண்டு மாஸ்கோவில் சாம்பியன் டைக்ரன் பெட்ரோசியானும் அவரை எதிர்த்த போரிஸ் ஸ்பாஸ்கியும் ஆடிய போட்டியின் பத்தாவது ஆட்டம் அது. தற்காப்பில் ஈடிணையற்றவர் என்று பெயர் வாங்கிய பெட்ரோசியான் அந்த ஆட்டத்தில் இருமுறை கோட்டையைக் கொடுத்துச் சிறுகாயை வாங்கிக்கொண்டு தாக்கினார். அவருடைய முப்பதாவது நகர்த்தலுக்கு முன்பு இருந்த நிலையை அடுக்குங்கள். வெள்ளைக்கு: ராஜா எச்1, ராணி பி2, குதிரைகள் டி6, ஈ3, சிப்பாய்கள் ஏ2, பி3, சி4, டி5, எச்2. கறுப்புக்கு: ராஜா ஜி8, ராணி ஜி5, கோட்டை எஃப்7, குதிரை ஏ5, சிப்பாய்கள் ஏ6, பி5, சி5, எச்7.

டி6 குதிரை எஃப்7 கோட்டையை அப்போதே வெட்டலாம். வெட்டினால் ராஜா திருப்பி வெட்டுவான். ஈ3-இல் நிற்கும் மற்றொரு குதிரையைக் கறுப்பு ராணி ஏற்கெனவே குறிவைத்திருக்கிறாள். காய்கள் சமமாகி, ஒரு சிப்பாய் மாத்திரமே வெள்ளைக்கு லாபமாக நிற்கும். இதைவிட மேலானது ஒன்று இருக்கிறதா என்று நம் முறைப்படி நிறத்தைப் பார்ப்போம். ஜி8 வெளிர்நிறம், ஜி5 கருநிறம். ராஜாவும் ராணியும் வெவ்வேறு நிறத்தில் நிற்பதால் இந்த க்ஷணத்தில் ஃபோர்க் அசாத்தியம். ராணியை அசைக்க வழியில்லை. ராஜாவை ஒரு கட்டம் நகர்த்தினால் போதும், நிறம் மாறிவிடும். பி2-இலிருந்து எச்8 வரை நீளும் மூலைவிட்டத்தில் குறுக்கே ஒரு காயும் இல்லை என்பதைக் கண்ட பெட்ரோசியான், தம் ராணியைக் கொண்டுபோய் எச்8 மூலையில், ராஜாவின் பக்கத்திலேயே, வைத்துச் செக் சொன்னார். ராஜா எஃப்8-க்கும் ஜி7-க்கும் போக முடியாது. இரண்டையும் அந்த ராணியே காக்கிறாள். வெட்டுவதைத் தவிர வேறு கதியில்லை. வெட்டினால் ராஜா கருநிறமான எச்8-இல் நிற்பான். டி6 குதிரை எஃப்7 கோட்டையை வெட்டிச் செக் சொல்லும்போது ஜி5 ராணியும் அதன் பிடியில் இருப்பாள். ஸ்பாஸ்கி வெட்டவே இல்லை. அங்கேயே ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். ஆடியிருந்தால் வெள்ளைக்கு இரண்டு குதிரையும் ஐந்து சிப்பாய்களும், கறுப்புக்கு ஒரு குதிரையும் நான்கு சிப்பாய்களுமாகக் கணக்கு முடிந்திருக்கும். அந்தப் போட்டியில் 12.5–11.5 என்று வென்று பெட்ரோசியான் பட்டத்தைக் காத்துக்கொண்டார். மூன்று ஆண்டு கழித்து ஸ்பாஸ்கி அதை அவரிடமிருந்து பறித்தார் என்பது வேறு சரித்திரம்.

கொடுப்பது ராணியாயினும் கோட்டையாயினும் கணக்கு ஒன்றே என்பதை இவ்விரு நிலைகளும் காட்டுகின்றன. ராணியைப் பலிகொடுப்பதைக் கண்டு வியந்து கைதட்டுவது ரசிகனுக்கு அழகு. பயில்கிறவன் அதைக் கடந்துபோய், எந்தக் கட்டத்துக்கு எதை இழுக்க அந்தப் பலி தேவைப்பட்டது என்று கேட்க வேண்டும்.

புதிர் தீர்க்கும் அப்பியாசத்துக்கு வசதியான ஊரும் பெரிய சங்கமும் வேண்டும் என்று எண்ணுகிற பெற்றோருக்கு, ஒரு தமிழ்த் தாயின் வரலாற்றைச் சொல்லலாம். மயிலாடுதுறையில் 1969 டிசம்பர் 11 அன்று பிறந்த விசுவநாதன் ஆனந்துக்கு ஆட்டத்தைக் கற்பித்தவர் அவருடைய அன்னையார் சுசீலா. சென்னையில் தால் செஸ் கிளப்பில் ஆடிக்கொண்டிருந்த சிறுவன், தந்தையாரின் ரெயில்வே உத்தியோகம் காரணமாக எழுபதுகளின் இறுதியில் சிறிது காலம் மணிலாவில் வாழ நேர்ந்தது. ஆசியாவின் முதல் கிராண்ட்மாஸ்டராகிய யூஜினியோ டோரே பிறந்த நாடு அது. கார்ப்போவும் கோர்ச்னாயும் 1978-இல் பட்டத்துக்காக மோதியதும் அந்நாட்டின் பாகியோ நகரத்தில்தான். அங்கே தொலைக்காட்சியில் பிற்பகலில் சதுரங்க நிகழ்ச்சி ஒன்று வரும். மகன் பள்ளிக்கூடத்தில் இருக்கும் வேளையாதலால் அன்னையார் ஆட்டங்களையும் இறுதியில் தரப்படும் புதிரையும் குறித்துவைப்பார். மாலையில் இருவரும் சேர்ந்து தீர்த்து விடையை அனுப்புவார்கள். சரியான விடைக்குப் பரிசு ஒரு புத்தகம். பரிசுகளை ஆனந்தே தொடர்ந்து வாங்கிக்கொண்டிருந்தபடியால், வேண்டிய புத்தகங்களை எடுத்துக்கொள், இனிமேல் விடை அனுப்பாதே என்று நிகழ்ச்சியை நடத்தியவர்கள் சொல்லிவிட்டதாக அவரே பேட்டிகளில் நினைவுகூர்ந்திருக்கிறார். 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டரானவர் அந்தச் சிறுவன்.

இந்த வரலாற்றில் என் மனத்தைக் கவர்வது பரிசன்று, அன்னையாரின் காகிதந்தான். புதிர் பிற்பகலில் எழுதப்பட்டது; மாலையில்தான் தீர்க்கப்பட்டது. கைபேசியில் புதிர் தீர்க்கும் இக்காலத்துப் பிள்ளை, காயைத் தொட்டதும் சரி தவறு என்று திரை சொல்லிவிடுவதால், மூன்று முறை தவறாகத் தொட்டு நான்காம் முறை சரியான கட்டத்தை அடைந்து, தீர்த்துவிட்டதாக நம்புகிறது. காகிதம் பதில் சொல்லாது. வாரத்தில் ஒரு நாளாவது, வீட்டிலுள்ள ஒருவர் புதிரைத் தாளில் எழுதிக் கொடுத்து, பிள்ளை காயைத் தொடாமல் முழு விடையையும் எழுதித் தரும்படி செய்யலாம். எழுதிக் கொடுப்பவருக்கு ஆட்டம் தெரிந்திருக்க வேண்டிய அவசியங்கூட இல்லை.

ஆட்டத்தில் இந்த யுக்தி அதிகமாகப் பலிப்பது எங்கே என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெட்ரோசியானின் அற்புதம் ஆயுளில் ஒருமுறை வாய்த்தால் பாக்கியம். மாவட்டப் பள்ளிப் போட்டிகளில் குதிரை வழக்கமாக வேட்டையாடுவது சி7 கட்டத்தில்தான்: ராஜா ஈ8-இலும் கோட்டை ஏ8-இலும் இன்னும் அசையாமல் இருக்க, பி5 வழியாகவோ டி5 வழியாகவோ நுழைந்த குதிரை சி7-இல் செக் சொல்லி மூலைக் கோட்டையைக் கொண்டுபோய்விடும். அடுத்தபடியாக எஃப்7: ஜி5-இல் வந்து நிற்கும் குதிரையும் சி4-இல் நிற்கும் பிஷப்பும் சேர்ந்து குறிவைத்தால், கவனியாத கறுப்பின் டி8 ராணியும் எச்8 கோட்டையும் ஒருசேர அகப்படும். காலத்தில் ராஜாவைக் கோட்டை கட்டிப் பாதுகாத்தால் இவ்விரண்டு விபத்துகளும் பெரும்பாலும் நேரா. தவிரவும், மூலைக்கு ஓடிய குதிரை வெளியே வர இரண்டே வழிகள்தான் உள்ளன. ஏ8-இல் கோட்டையை விழுங்கிய குதிரை அங்கேயே சிறைப்பட்டு மாள்வதும் உண்டு. ஆகவே ஃபோர்க்கில் அகப்பட்டவுடன் மனம் தளர்ந்து அடுத்த நகர்த்தலை அலட்சியமாகச் செய்யாதீர்கள். திரும்பி வரும் வழியை அடைக்க முடியுமா என்று பாருங்கள்.

இறுதியாக, முதற் புதிரின் நிலையை மறுபடியும் அடுக்கி, கறுப்பின் எச்7 சிப்பாயை மட்டும் எச்6-க்குத் தள்ளிவைத்துத் தீர்க்க முயலுங்கள். இப்போது கோட்டை சி8-இல் செக் சொன்னால் ராஜா எச்7-க்கு விலகிவிடுவான். ராணி சி8 கோட்டையையும் டி5 குதிரையையும் ஒருசேரக் குறிவைப்பாள். இரட்டைத் தாக்குக்கு ஆளாவது வெள்ளைதான். அடுத்து எச்7 சிப்பாயைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு, ஜி7 சிப்பாயை ஜி6-க்குத் தள்ளுங்கள். கோட்டையின் செக் இங்கும் பலிக்காது. ராஜா ஜி7-க்குப் போய்விடுவான். ஆனால் எஃப்6-இன் காவல் நீங்கிவிட்டபடியால், ஆரம்பத்தில் பிள்ளைகள் கூவிய அந்தப் போலி விடையே இப்போது மெய்யான விடையாகிறது: குதிரை எஃப்6-இல் செக், அடுத்த தாவலில் டி7 ராணி. மூன்றாவதாக, ஜி சிப்பாயையும் பழைய இடத்தில் வைத்துவிட்டு எஃப்7 சிப்பாயை எஃப்6-க்குத் தள்ளினால் வெள்ளை ராணியை வெல்ல முடியுமா, முடியாவிடில் தாக்கப்படும் குதிரைக்கு எதைச் செய்வது நலம் என்ற கேள்விக்கு நான் இங்கே விடை எழுதவில்லை. காகிதத்தில் எழுதிவைத்துக்கொண்டு அடுத்த அத்தியாயத்துக்கு வாருங்கள்.